இரண்டு மழைகளை நம்பி ஒரு பட்டாம்பூச்சித் தோட்டம்

சொனோரா பாலைவனத்தில் மணற்குன்றுகளைவிட மரமும் புதரும்தான் அதிகம். அமெரிக்காவின் அரிசோனா, கலிஃபோர்னியா மாநிலங்களிலும் மெக்சிகோவின் சொனோரா, பாஹா கலிஃபோர்னியா பகுதிகளிலுமாக ஏறத்தாழ 2,60,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது இந்த நிலம். தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்கு. ஆள் உயரத்தைப் பல மடங்கு தாண்டி நிற்கும் சகுவாரோ கள்ளிகளுக்கு நடுவே முள்மரங்களும் கொடிகளும் பூண்டுகளும் இங்கே வளர்வதற்குக் காரணம், ஆண்டுக்கு இரண்டு முறை பெய்யும் மழை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை பசிபிக் கடலிலிருந்து வரும் மேகங்கள் நிதானமாகத் தூறிவிட்டுப் போகும். ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை தெற்கிலிருந்து ஏறிவரும் ஈரக்காற்று, புழுதிப் புயலோடு மாலைநேர இடிமழையாகக் கொட்டும். இந்த இரு மழைகளையும் நம்பித்தான் செடிகள் தளிர்க்கின்றன; அந்தத் தளிரை நம்பிப் பட்டாம்பூச்சிகள் வாழ்கின்றன. மலைகளையும் பாலையையும் சேர்த்துக் கணக்கிட்டால் அரிசோனா மாநிலத்தில் மட்டும் 300க்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சி இனங்கள் இருக்கின்றன.

ஃபீனிக்ஸ், டூசான் என்ற இரு பெரிய நகரங்கள் இந்தப் பாலைவனத்துக்குள்ளேயே அமைந்திருக்கின்றன. ஃபீனிக்ஸில் ஆண்டு முழுவதும் பெய்வது சராசரியாக 180 மில்லிமீட்டர். சற்று உயரத்தில் இருக்கும் டூசானில் 270. தமிழ்நாட்டின் சராசரி 900 மில்லிமீட்டருக்கு மேல் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த வறட்சியின் அளவு புரியும். வெயிலும் அதற்கேற்றபடிதான். 2023ஆம் ஆண்டு ஜூன் 30 தொடங்கி 31 நாட்கள் இடைவிடாமல் ஃபீனிக்ஸின் பகல் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. இப்படிப்பட்ட ஊரில் வீட்டைச் சுற்றியுள்ள சிறு நிலத்தில் பட்டாம்பூச்சிகளை வரவழைத்து, முட்டையிடச் செய்து, தலைமுறை தலைமுறையாகத் தங்கவைக்க முடியுமா என்றால், முடியும். அங்கே பலர் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் மழை மிகுந்த நாட்டுத் தோட்டங்களைப் பார்த்து அதேபோல் அமைக்கப் போனால் தண்ணீரும் வீண், உழைப்பும் வீண்.

பாலைவனப் பட்டாம்பூச்சிகள் கோடையோடு மல்லுக்கட்டுவதில்லை, காத்திருக்கின்றன. முட்டையாகவோ புழுவாகவோ கூட்டுப்புழுவாகவோ வளர்ச்சியை நிறுத்திவைத்துக்கொண்டு மழைக்காகக் கிடக்கின்றன. வசந்தத்தில் மட்டுமே பறக்கும் டெசர்ட் ஆரஞ்சுடிப் என்ற சிறு வெள்ளைப் பட்டாம்பூச்சி, மழை பொய்த்தால் ஓராண்டு மட்டுமல்ல, சில ஆண்டுகள்கூடக் கூட்டுக்குள்ளேயே உறங்கிக் கிடக்கும். வேறு சில இனங்கள் இடம்பெயர்ந்து போய்விடும். மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் இதற்கு நேர்மாறாக நடக்கும். 2005, 2019 ஆகிய ஆண்டுகளில் குளிர்கால மழைக்குப் பின் பாலைவனத்தில் பூண்டுகள் பெருகியபோது, அவற்றைத் தின்று வளர்ந்த பெயின்டட் லேடி பட்டாம்பூச்சிகள் அலையலையாகக் கலிஃபோர்னியாவைக் கடந்து வடக்கே பறந்தன.

நாளுக்குள்ளும் இதே ஒழுங்கு உண்டு. குளிர்கால விடியலில் சிறகை விரித்து வெயில் காய்ந்து உடலைச் சூடேற்றிக்கொண்ட பிறகே பட்டாம்பூச்சி பறக்கும். கோடையிலோ அதிகாலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் மட்டும் வெளியே வந்து, நடுப்பகலில் இலைகளின் அடியில் ஒதுங்கிவிடும். ஆகவே இங்கே தோட்டம் போடுபவர் செடிப் பட்டியலைக் கையில் எடுப்பதற்கு முன் மழைக்காலத்தையும் நிழல் விழும் இடத்தையும் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பட்டாம்பூச்சிகள் மிகுதியாகத் தென்படும் காலம் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை இன்னொரு சிறிய பருவம். மே, ஜூன் மாதங்களில் தோட்டம் வெறிச்சோடிக் கிடந்தால் அது யாருடைய குறையும் அல்ல.

பூச்செடி வாங்கி நட்டதுமே பட்டாம்பூச்சி வந்துவிடும் என்ற நம்பிக்கை எல்லா நாட்டிலும் இருக்கிறது. பூவைத் தேடி வரும் பட்டாம்பூச்சி தேன் குடித்துவிட்டுப் போய்விடும். அது தங்க வேண்டுமென்றால் அதன் புழு தின்னக்கூடிய இலை அங்கே இருந்தாக வேண்டும். பெரும்பாலான இனங்களின் புழுக்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சில செடிகளை மட்டுமே தின்னும். மற்றவற்றின் மேல் விட்டால் பட்டினி கிடந்து செத்துப்போகும். தாய்ப்பூச்சி முன்னங்காலால் இலையைத் தட்டித் தட்டி, அதன் வேதிப்பொருளைச் சுவைத்து, சரியான செடிதான் என்று உறுதியான பிறகே முட்டையிடுகிறது. மழை நிறைந்த ஊர்களில் பக்கத்துக் காட்டிலோ வேலியோரத்திலோ அந்த இலை கிடைத்துவிடும். சரளைக்கல்லும் தார்ச்சாலையுமாகிவிட்ட பாலைவன நகரத்தில் கிடைக்காது. அதனால்தான் இங்கே பூவைவிட இலை முக்கியம். தோட்டத்தின் பாதியாவது புழு தின்பதற்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். இலைகள் ஓட்டை ஓட்டையாகக் கிடப்பதை அழகுக்குறைவாக நினைப்பவருக்கு இந்தத் தோட்டம் ஒத்துவராது.

நடுவதற்கு முதலில் தேர்ந்தெடுக்க வேண்டிய செடி, அங்கே பாலைவனப் பால்செடி என்று சொல்லப்படும் ஆஸ்கிலிப்பியாஸ் சுபுலாட்டா. நம் ஊர் எருக்கின் உறவுக்காரச் செடி, ஆனால் தோற்றத்தில் எருக்குக்கும் அதற்கும் ஒற்றுமையே இல்லை. சாம்பல் பூத்த பச்சைக் குச்சிகள் கொத்தாக ஒரு மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும். சிறு இலைகள் தோன்றிய வேகத்தில் உதிர்ந்துவிடும். ஒளிச்சேர்க்கையைத் தண்டே செய்துகொள்ளும். குச்சியை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். முழு வெயிலையும் சுவரிலிருந்து அடிக்கும் அனலையும் தாங்கி, வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை வெளிர்மஞ்சள் பூங்கொத்துகளை விடும். ஊசி போன்ற இலைகளும் வெள்ளைப் பூக்களும் கொண்ட ஆஸ்கிலிப்பியாஸ் லினாரியா இதற்குத் துணையாக நடத் தக்கது.

இந்தப் பால்செடிகளில் முட்டையிடுபவை குயின், மோனார்க் என்ற இரண்டு செம்பழுப்புப் பட்டாம்பூச்சிகள். தமிழ்நாட்டில் எருக்கஞ்செடியைச் சுற்றி வரும் வெந்தய வரியனும் இவையும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. மோனார்க்கின் புழுவுக்கு உடலில் இரண்டு இணை கருப்பு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். குயினுக்கு மூன்று இணை, வெந்தய வரியனின் புழுவுக்கும் மூன்றுதான். பால்செடியில் இருக்கும் கசப்பு நஞ்சைப் புழு தன் உடலில் சேமித்துக்கொள்கிறது. அதை ஒருமுறை தின்று வாந்தியெடுத்த பறவை அந்த நிறத்தைப் பார்த்தாலே மறுபடி அண்டுவதில்லை. பாலைவனத் தோட்டங்களில் நிரந்தரக் குடி குயின்தான். மோனார்க் பெரும்பாலும் இலையுதிர்காலத்தில் வழிப்போக்கராக வரும். உறைபனி அரிதான தாழ்நிலப் பகுதிகளில் ஒரு சிறு கூட்டம் குளிர்காலத்தையும் அங்கேயே கழிக்கிறது. ராக்கி மலைத்தொடருக்கு மேற்கே வாழும் மோனார்க்குகளைக் கலிஃபோர்னியக் கடற்கரையில் ஆண்டுதோறும் எண்ணுகிறார்கள். 2020ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அந்த எண்ணிக்கை 2,000க்கும் கீழே போய்விட்டது. வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒரு பால்செடிக்கு இந்தச் சூழலில் உண்மையான பொறுப்பு இருக்கிறது.

பால்செடியில் மஞ்சள் நிறத்தில் அசுவினி அப்பிக்கொள்வது உறுதி. நம் ஊர் எருக்கிலும் அரளியிலும் ஏறும் அதே அசுவினிதான். அதைப் பார்த்துப் பதறி மருந்து அடிப்பவர்தான் தன் புழுக்களையும் சேர்த்துக் கொல்கிறார். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும். அல்லது சில நாள் பொறுத்தால் பொறிவண்டுகள் வந்துசேரும்.

பாலைவனத் தோட்டத்தின் இன்னொரு விருந்தாளி பைப்வைன் ஸ்வாலோடெயில். கரிய சிறகில் நீலம் மின்ன, மழைக்காலக் காலைகளில் தரையோடு தரையாகத் தாழ்ந்து பறந்து செல்லும். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவது போன்ற அந்தப் பறத்தலுக்குக் காரணம், அதன் உணவுச்செடி கண்ணுக்கே தெரியாமல் ஒளிந்திருப்பது. அரிஸ்டோலோக்கியா வாட்சோனி என்ற அந்தச் சிறு கொடி தரையில் படரும். அம்புமுனை போன்ற அதன் இலைகள் வெயிலில் ஊதாப்பழுப்பாகி மண்ணின் நிறத்தோடு கலந்துவிடும். வறட்சியில் மேற்பகுதி முழுதும் காய்ந்துபோனாலும் மண்ணுக்குள் கிழங்கு போல் தடித்த வேர் உயிரோடு இருந்து, மழை பெய்ததும் மறுபடி தளிர்க்கும். ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் அவற்றில் முட்டையிடும் ரோஜா அழகி, செடியின் நஞ்சைத் தன் காவலாக மாற்றிக்கொள்வது போலத்தான் பைப்வைன் ஸ்வாலோடெயிலும் செய்கிறது. வெப்பம் கூடும்போது இதன் புழுக்கள் கருப்பு நிறத்தை விட்டுச் சிவப்பாக வளர்கின்றன. கருப்பு வெயிலை இழுக்கும் என்பதற்கு இயற்கை கண்டுபிடித்த விடை இது. அதுவும் போதாத அளவு தரை கொதித்தால் அவை செடியை விட்டிறங்கி, பக்கத்துப் புதரின் குச்சியில் ஏறிக் காற்றாடக் காத்திருக்கும்.

ஒரு சிறு கொடியை ஒரு புழு ஒரே நாளில் மொட்டையாக்கிவிடும் என்பதால் இதில் ஐந்தாறு கொடிகளாவது ஓரிடத்தில் இருக்க வேண்டும். புதரின் அடிநிழலில் நட்டால் நன்றாக வளரும். நாற்றங்காலில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பெரிய பூ விடும் வெப்பமண்டல அரிஸ்டோலோக்கியாக்களை வாங்குவது கூடாது. அரிஸ்டோலோக்கியா ஜைகான்டியா போன்றவற்றில் தாய்ப்பூச்சி ஏமாந்து முட்டையிடும். பிறக்கும் புழுக்கள் அந்த இலையைத் தின்று பிழைப்பதில்லை. நல்லெண்ணத்தோடு வைத்த செடியே பொறியாகிவிடும்.

கம்பி வேலியோ பந்தலோ இருந்தால் பாஸிஃப்ளோரா கொடியை ஏற்றலாம். அரிசோனாவில் இயற்கையாக வளரும் பாஸிஃப்ளோரா அரிசோனிகா, தமிழ்நாட்டுப் புதர்களில் தானாகப் படரும் சிறுபூனைக்காலிக்கு மிக நெருங்கிய உறவு. அதில் கல்ஃப் ஃப்ரிட்டில்லரி முட்டையிடும். ஆரஞ்சு நிறத்தில் கருப்பு முட்களோடு இருக்கும் புழுக்கள் கொடியை உருவித் தின்றுவிடும். கொடி சாகாது, மறுபடி துளிர்க்கும். ஃபீனிக்ஸின் பழைய வீடுகளில் ஆரஞ்சு, எலுமிச்சை மரங்கள் சாதாரணம். அவற்றில் பறவை எச்சம் போல ஒட்டிக்கிடப்பது ஜெயன்ட் ஸ்வாலோடெயிலின் புழு. கறிவேப்பிலைச் செடியில் எலுமிச்சை அழகியின் இளம்புழுவைப் பார்த்தவர்களுக்கு அந்த வேடம் பழக்கமானதுதான். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற உறுப்பை நீட்டி நாற்றத்தைப் பரப்புவதும் அப்படியே. வளர்ந்த மரத்துக்குச் சில புழுக்களால் எந்தக் கேடும் இல்லை. ஆவாரையின் இனமான சென்னா கோவேசியை ஓரங்களில் தூவிவிட்டால் மஞ்சள், ஆரஞ்சுப் பட்டாம்பூச்சிகள் வரும். ஆவாரையிலும் கொன்றையிலும் கொன்னை வெள்ளையன் முட்டையிடுவதை ஒத்த உறவு இது. ஆரஞ்சுப் பூ விடும் குளோப் மாலோ என்ற துத்திக்குடும்பச் செடி பெயின்டட் லேடிக்கும் இன்னும் சில சிறு இனங்களுக்கும் உணவு. உப்பு மண்ணிலும் வளரும் அட்ரிப்ளெக்ஸ் புதரை நட்டால் வெஸ்டர்ன் பிக்மி புளூ வரும். சிறகு விரிந்தால் 12 முதல் 20 மில்லிமீட்டர்தான். உலகின் மிகச் சிறிய பட்டாம்பூச்சிகளில் ஒன்று. குனிந்து பார்க்கும் பழக்கம் இல்லாதவர் கண்ணில் அது படாமலே போகும்.

செடிகளைப் பற்றி இவ்வளவு பேசினாலும், மரம் இல்லாமல் இந்தத் தோட்டம் நிற்காது. சொனோராவில் சகுவாரோ கள்ளிகூடக் குழந்தைப் பருவத்தை ஒரு மரத்தின் அடியில்தான் கழிக்கிறது. பச்சைப் பட்டை கொண்ட பாலோ வெர்டே, இரும்புமரம், மெஸ்கீட் ஆகியவை அங்கே தாய்மரங்கள் என்று மதிக்கப்படுகின்றன. அவற்றின் சல்லடை நிழலில் மண் வெப்பம் பல டிகிரி குறைகிறது. உதிரும் இலைகள் மண்ணுக்கு உரமாகின்றன. மெஸ்கீட் என்பது தமிழ்நாட்டைப் பீடித்த சீமைக்கருவேலத்தின் சொந்தம். இங்கே வந்தேறியாகி ஏரிகளையும் கண்மாய்களையும் அடைத்துக்கொண்ட இனத்தின் உறவுதான், தன் சொந்த மண்ணில் எத்தனையோ உயிர்களைத் தாங்குகிறது. அதன் பூக்களையும் இளங்காய்களையும் தின்று வளரும் நீலக்குட்டிப் பட்டாம்பூச்சிகள் பல. மெரைன் புளூ அவற்றில் ஒன்று. அரிசோனாவில் செய்வதைப் பார்த்து இங்கே சீமைக்கருவேலம் நடக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை. ஒரு மரம் நல்லதா கெட்டதா என்பதை அது நிற்கும் மண்தான் முடிவு செய்கிறது.

மெஸ்கீட்டின் கிளைகளில் பந்து பந்தாகப் புல்லுருவி தொங்கும். ஒட்டுண்ணி என்று வெட்டி எறிவதே பலரின் வழக்கம். ஆனால் கிரேட் பர்ப்பிள் ஹேர்ஸ்ட்ரீக் என்ற பளபளக்கும் நீலப் பட்டாம்பூச்சியின் புழு புல்லுருவியைத் தவிர வேறெதையும் தின்னாது. குளிர்காலத்தில் வேறு பூக்கள் இல்லாத நாட்களில் புல்லுருவியின் மணமுள்ள சிறு பூக்களே தேன் தருகின்றன. ஃபைனோபெப்லா என்ற கொண்டைக் கருங்குருவி அதன் பழங்களை நம்பிக் குளிர்காலத்தை ஓட்டுகிறது. மரம் வலுவாக இருந்தால் ஒன்றிரண்டு பந்துகளை விட்டுவைக்கலாம்.

வேலிக்கு ஏற்றது முள் நிறைந்த பாலைவன ஹேக்பெர்ரி. அழகில்லாத புதர் என்று ஒதுக்கப்பட்டாலும், பட்டாம்பூச்சிகளுக்காக ஒரே ஒரு பெரிய புதர்தான் வைக்க இடமிருக்கிறது என்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும். எம்ப்ரஸ் லெய்லியா, மூக்கு நீண்டது போலத் தோன்றும் அமெரிக்கன் ஸ்னவுட் ஆகிய இரண்டும் இதன் இலைகளில் வளர்கின்றன. கடும் வறட்சிக்குப் பின் பலத்த மழை பெய்யும் ஆண்டுகளில் ஹேக்பெர்ரி ஒரேயடியாகத் தளிர்க்கும். ஸ்னவுட்டுகள் சாலையில் வண்டிக் கண்ணாடியை மறைக்கும் அளவுக்குக் கூட்டமாகக் கிளம்பும்.

இனிப் பூக்கள். ஒரே காலத்தில் கொட்டிப் பூக்கும் பத்துச் செடிகளைவிட, மாறிமாறிப் பூக்கும் ஐந்து செடிகள் மேல். குளிர்காலக் கடைசியில் ஃபேரி டஸ்டர் புதர் இளஞ்சிவப்புப் பூக்களைத் தொடங்கிவைக்கும். வசந்தத்தில் ஊதாநிற வெர்பீனா தரையை மூடும். பாலைவன மேரிகோல்டு சிறிது ஈரம் கிடைத்தால் ஆண்டின் பெரும்பகுதியும் மஞ்சளாகப் பூத்துக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பீபிரஷ் புதர் மணம் வீசிப் பூக்கும். உண்ணிச்செடி என்று நாம் சொல்லும் லான்டானாவும் அங்கே வெயில் தாங்கும் தேன்செடியாக நடப்படுகிறது. இலையுதிர்காலத்தில் முதலிடம் பாக்கரிஸ் சாரத்ராய்டிஸ் என்ற டெசர்ட் புரூமுக்கு. சாலையோரங்களில் தானே முளைக்கும் அதைக் களை என்று பிடுங்குபவர்கள், அக்டோபரில் அது பூக்கும்போது ஒருமுறை அருகில் நின்று பார்க்க வேண்டும். குயின், ஹேர்ஸ்ட்ரீக், ஸ்னவுட், தேனீ, குளவி என்று செடியே அசைவது போல் இருக்கும். இதில் ஆண், பெண் செடிகள் தனித்தனி. பஞ்சு விதை பறந்து அயல்வீட்டாருக்குத் தொல்லையாகக் கூடாது என்றால் ஆண்செடியைக் கேட்டு வாங்கி நடலாம்.

தேனுக்காக மட்டுமே அல்லாமல் வேறொரு தேவைக்காகவும் பட்டாம்பூச்சிகள் மொய்க்கும் ஒரு செடி உண்டு. கிரெக்ஸ் மிஸ்ட்ஃபிளவர் என்ற அந்த நீலப்பூச்செடியில் செப்டம்பர் மாதம் குயின் பட்டாம்பூச்சிகள் டஜன் கணக்கில் அமர்ந்திருக்கும், அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள். பூவில் உள்ள ஒருவகை ஆல்கலாய்டை அவை உறிஞ்சி, பெண்ணைக் கவரும் மணப்பொருளாக மாற்றுகின்றன. இந்த மணப்பொருள் இல்லாத ஆணைப் பெண் பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதை 1960களின் இறுதியில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஐஸ்னர், ஜெரால்ட் மைன்வால்ட் ஆகியோரின் ஆய்வுக்குழுக்கள் கண்டறிந்தன. கூடும்போது ஆல்கலாய்டின் ஒரு பங்கு பெண்ணுக்குப் போய், அங்கிருந்து முட்டைகளுக்கும் போய்ச் சேர்ந்து, அவற்றை எதிரிகளிடமிருந்து காக்கிறது. தமிழ்நாட்டில் கிலுகிலுப்பையிலும் காய்ந்த தேட்கொடுக்கிலும் வரியன்கள் மொய்ப்பதும் இதே பொருளுக்காகத்தான். மிஸ்ட்ஃபிளவருக்குப் பிற்பகல் நிழலும் மற்றச் செடிகளைவிடச் சற்றுக் கூடுதல் தண்ணீரும் வேண்டும். அந்தச் சலுகையைத் தயங்காமல் தரலாம்.

நடும் காலம் அக்டோபர், நவம்பர். கோடை தணிந்து மண் இன்னும் சூடாக இருப்பதால் வேர் ஓடும். அடுத்த கோடைக்குள் செடி காலூன்றிவிடும். தவறினால் பிப்ரவரி, மார்ச். உறைபனியில் வாடும் பாஸிஃப்ளோரா போன்றவற்றை வசந்தத்தில் நடுவதே நல்லது. குழி தொட்டியளவு ஆழமும் அதைப்போல் மூன்று மடங்கு அகலமும் இருக்க வேண்டும். பாலை மண்ணில் பல இடங்களில் சுண்ணாம்பு இறுகிப் பாறையான கலீச்சே என்ற அடுக்கு கிடக்கும். தோண்டிய குழியில் தண்ணீர் ஊற்றி வைத்தால் அது தெரிந்துவிடும். நீர் வடியாமல் நின்றால் அடுக்கைக் கடப்பாரையால் உடைக்க வேண்டும், இல்லையேல் இடத்தை மாற்ற வேண்டும். காரத்தன்மை மிகுந்த அந்த மண்ணுக்கே பழகிய செடிகள் என்பதால் எருவோ செம்மண்ணோ கலக்கத் தேவையில்லை. அதிக உரம் இலையைப் பெருக்கித் தாகத்தைத்தான் கூட்டும்.

தண்ணீர் விடுவதில் அரிசோனாவில் ஒரு கணக்குச் சொல்கிறார்கள்: சிறு செடிக்கு ஓர் அடி ஆழம், புதருக்கு இரண்டு அடி, மரத்துக்கு மூன்று அடி நனைய வேண்டும். நாள்தோறும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டு, ஒரே வாரக் கொதிப்பில் கருகிவிடும். ஆழமாக விட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி விடுவதே முறை. சொட்டுநீர்க் குழாயின் வாயைத் தண்டின் அடியில் வைக்காமல், செடி வளர வளரக் கிளைகளின் விளிம்புவரை தள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். முதல் ஓரிரு ஆண்டுகள் இப்படிப் பராமரித்தால் பிறகு பெரும்பாலான செடிகள் மழையை வைத்தே சமாளிக்கும். ஆனால் ஒன்று: சமாளிப்பதற்கும் தளிர்ப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. புழுவுக்கு வேண்டியது இளந்தளிர். ஆகவே ஜூன் கடைசியில், முதல் இடிமழைக்குச் சற்று முன்பாக, உணவுச்செடிகளுக்கு மட்டும் ஒருமுறை ஆழமாக நீர் கொடுப்பது தோட்டத்தையே எழுப்பிவிடும்.

மழைநீரைத் தேக்கும் வழியும் இருக்கிறது. செடிப் பாத்திகளை மேடாக்காமல் சுற்றியுள்ள தரையைவிடத் தாழ்வாக அமைத்து, கூரைநீரையும் தெருநீரையும் அவற்றுக்குள் திருப்புவார்கள். டூசானைச் சேர்ந்த மழைநீர்ச் சேகரிப்பு முன்னோடி பிராட் லான்காஸ்டர், சாலையின் விளிம்புக் கல்லை வெட்டித் தெருவெள்ளத்தைச் செடிகளுக்கு விடும் முறையைப் பரப்பினார். வணிகக் கட்டடங்களின் செடிகளுக்குத் தேவைப்படும் நீரில் பாதியாவது மழைநீராக இருக்க வேண்டும் என்று அந்த நகரம் 2008இல் சட்டமே இயற்றியது. அந்தப் பாலைவனத்தின் பூர்வகுடிகளான தோஹோனோ ஓதம் மக்களோ ஓடைவெள்ளம் பரவும் இடத்தில் விதைத்து, ஒரு மழை வெள்ளத்தைக் கொண்டே பயறும் மக்காச்சோளமும் விளைவித்தவர்கள். பாலையில் தோட்டம் என்பது அவர்களுக்குப் புதிதல்ல.

பட்டாம்பூச்சிக்குத் தனியாகத் தண்ணீர்த் தொட்டி தேவையில்லை, ஈரமண் போதும். ஆழமில்லாத மண்தட்டில் மணலும் சிறிது மக்கிய எருவும் போட்டு, சொட்டுநீர்க் குழாயின் ஒரு வாயை அதற்குத் திருப்பிவிட்டால், ஆண் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக அமர்ந்து உப்பை உறிஞ்சும். நிழல் விழும் இடத்தில் அதை வைக்க வேண்டும். குளிர்காலத்தில் வெயில் காய்வதற்குக் கிழக்கு பார்த்து ஒரு தட்டையான கல்லும், புழுதிக்காற்று மோதாமலிருக்க மேற்கிலும் தெற்கிலும் அடர்ந்த புதர்களும் இருந்தால் இடம் தயார்.

தண்ணீரை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி முற்றம் முழுவதும் சரளைக்கல் பரப்பி, நடுவில் இரண்டு கள்ளி நட்டுவிடுவது பாலைவன நகரங்களில் பரவிய பழக்கம். கல் பகலெல்லாம் வெப்பத்தை வாங்கி இரவில் உமிழும்; அதன் மேல் எந்தப் புழுவும் நடக்க முடியாது. கூட்டுப்புழுவாக மாற ஒதுங்கும் இடமும் இல்லை. நடைபாதைக்குக் கல் போடலாம். புதர்களின் அடியில் உதிர்ந்த சருகு அப்படியே கிடக்கட்டும். சருகை ஊதித் தள்ளும் எந்திரத்தோடு சேர்ந்து எத்தனையோ கூடுகள் குப்பைவண்டி ஏறிப் போகின்றன.

பூச்சிமருந்து கூடவே கூடாது. பாக்டீரியாவிலிருந்து செய்யப்பட்ட பி.டி. தெளிப்பான்களை இயற்கையானவை என்று விற்கிறார்கள். அவை கொல்வதே புழுக்களைத்தான். நாற்றங்காலிலேயே நியோனிகோடினாய்டு ஊட்டப்பட்ட செடிகள் பல மாதங்கள் இலையிலும் தேனிலும் நஞ்சைச் சுமக்கும். பட்டாம்பூச்சிக்காக என்று வாங்கும் செடியில் அது சேர்க்கப்பட்டதா என்று கேட்டு வாங்குவது கட்டாயம். பளிச்சென்ற செம்மஞ்சள் பூக்களுக்காக விற்கப்படும் வெப்பமண்டலப் பால்செடி ஆஸ்கிலிப்பியாஸ் குராசாவிகாவையும் தவிர்ப்பது நல்லது. உறைபனி குறைந்த ஊர்களில் அது ஆண்டு முழுவதும் வாடாமல் நிற்பதால், மோனார்க்கைத் தாக்கும் ஓ.இ. என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியின் வித்துகள் அதன் இலைகளில் சேர்ந்துகொண்டே போகும். புழு அதைத் தின்று, சிறகு விரியாத பட்டாம்பூச்சியாக வெளிவரும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இலையுதிர்காலத்தில் அதை அடியோடு வெட்டிவிட வேண்டும்.

உள்ளூர்ச் செடிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க அங்கே நல்ல இடங்கள் உண்டு. 1924இல் தொடங்கிய பாய்ஸ் தாம்சன் தாவரவியல் பூங்கா, 1939இல் ஃபீனிக்ஸில் திறக்கப்பட்ட டெசர்ட் பொட்டானிக்கல் கார்டன், டூசானுக்கு வெளியே 1952இல் தொடங்கப்பட்ட அரிசோனா-சொனோரா டெசர்ட் மியூசியம் ஆகிய மூன்றிலும் மேற்சொன்ன செடிகளைப் பெயர்ப்பலகையோடு காணலாம். கண்ணாடிக் கூடத்துக்குள் வெப்பமண்டலப் பட்டாம்பூச்சிகளைப் பறக்கவிடும் காட்சிகளும் அந்நகரங்களில் நடக்கின்றன. அவை கண்ணுக்கு விருந்து. வீட்டுத்தோட்டத்துக்கு வழிகாட்டியாகக் கொள்ள வேண்டியது வெளியே வெயிலில் நிற்கும் புதர்களைத்தான்.

இவ்வளவு பாடு எதற்கு என்பதற்கு ஓர் ஆய்வு பதில் தருகிறது. அமெரிக்க மேற்குப் பகுதியின் 450 பட்டாம்பூச்சி இனங்களைப் பற்றிய நாற்பதாண்டுத் தரவுகளை ஆராய்ந்த அறிவியலாளர்கள், மொத்த எண்ணிக்கை ஆண்டுக்கு 1.6 சதவீதம் வீதம் குறைந்துவருவதாக 2021இல் 'சயின்ஸ்' இதழில் அறிவித்தார்கள். இலையுதிர்கால மாதங்கள் வெப்பமடைவதற்கும் இந்தச் சரிவுக்கும் அவர்கள் வலுவான தொடர்பைக் கண்டார்கள். செப்டம்பர், அக்டோபரில் ஈரத்தையும் நிழலையும் தளிரையும் நீட்டித்துத் தரும் ஒரு முற்றம் அந்த இழப்பின் ஒரு சிறு பகுதியையாவது ஈடுசெய்யும். ஒரே தெருவில் நான்கு வீடுகள் சேர்ந்து செய்தால் பட்டாம்பூச்சி ஒரு முற்றத்திலிருந்து அடுத்த முற்றத்துக்கு வெயிலில் அலையாமல் போய்ச்சேரும்.

ஆண்டின் கடைசி வேலை கத்தரிப்பது, அதில்தான் பொறுமை மிக வேண்டும். பூ முடிந்து காய்ந்த குச்சிகளை டிசம்பரிலேயே வெட்டிச் சுத்தம் செய்ய மனம் துடிக்கும். அந்தக் குச்சிகளில் கூட்டுப்புழுக்கள் தொங்கிக்கொண்டிருக்கலாம். உறைபனியில் கருகிய நுனிகளே அடியிலுள்ள மொட்டுகளுக்குப் போர்வையாகவும் இருக்கும். பிப்ரவரி கடைசியில் உறைபனி நீங்கியதும், ஒவ்வொரு கிளையையும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வெட்ட வேண்டும். வெட்டிய குச்சிகளை உடனே எரிக்காமலும் குப்பையில் போடாமலும் புதரடியில் ஒரு மூலையில் குவித்து வைத்தால், அவற்றில் தங்கியிருப்பவை ஏப்ரலுக்குள் வெளியேறிவிடும்.